தேக்குத் தரை போட்ட வேன்

திருடர்கள் மீதே சுயம்புலிங்கத்துக்கு நம்பிக்கை போய்விட்டது. இவ்வளவு பெரிய ராஜபாளையத்தில் ஒருத்தனுக்குக் கூடவா கை நமநமக்கவில்லை?

தறிக்கொட்டகைக்குப் பின்னால், புளியமரத்தடியில், வேனைச் சாவியோடு நிறுத்தி மாதம் ஒன்றாகிறது. ஒருநாள் காலையில் சாவியைக் காணோம். அப்பாடா என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்ட நேரத்தில், தறிக்காரர் சிவனாண்டி ஓடிவந்து நீட்டினார்.

"அண்ணாச்சி, சாவிய வண்டியிலயே மறந்துட்டிய. எவனாவது கொண்டு போயிருந்தா?"

"நல்ல வேளைப்பா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

எல்லாம் தானே தேடிக்கொண்ட வினை. பேண்டேஜ் துணி நெய்தோமா, விற்றோமா என்று இருந்திருக்கலாம். மேல்நாட்டில் வண்டிக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறார்கள் என்று ஏதோ பத்திரிகையில் படம் பார்த்தார். கிறுக்குப் பிடித்தது. ஏலத்துக்கு வந்த பழைய ஆஸ்பத்திரி வேனை எடுத்தார். கட்டில், அடுப்பு, பீரோ எல்லாம் ஏற்றினார். தரை மட்டும் தேக்கில்தான் என்று அடம்பிடித்தார். ஆவுடையம்மாள், தன் அப்பா பழைய வீட்டைப் பிரித்தபோது கொடுத்த பலகைகளை மனசார எடுத்துக் கொடுத்தாள். ஆசாரியைக் கூப்பிட்டால் பெருமையில் பங்கு போய்விடுமே என்று சுயம்புலிங்கமே சுத்தியலைப் பிடித்தார். டிரைவர் சீட்டுக்கு அடி வரை இண்டு இடுக்கு இல்லாமல் பலகையை இறுக்கி அடித்து, முகம் தெரிகிற மாதிரி வார்னிஷ் பூசினார்.

அதன் பிறகு செருப்போடு யாரும் ஏறக்கூடாது என்று சட்டம். வேடிக்கை பார்க்க வந்த ஏட்டு கருத்தப்பாண்டியைக் கூட அவர் விடவில்லை.

"வீடுன்னா வீடுதான் ஏட்டையா. பூட்ஸக் கழட்டிட்டு ஏறுங்க."

"போலீஸ் பூட்ஸையே கழட்ட வச்ச மொத ஆளு நீங்கதான் அண்ணாச்சி" என்று ஏட்டு குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

முதல் பயணம் குற்றாலம். சாரல் பிடித்துக்கொண்டது. ஈரம் குடித்த பலகைகள் விரிய இடமில்லாமல் நடுவில் ஒட்டக முதுகாக எழும்பி நின்றன. பின்கதவு சிக்கிக்கொண்டது. முன்பக்கம் வரும் வழியை அவர் வைத்த பீரோவே அடைத்திருந்தது. ஆவுடையம்மாளை ஜன்னல் வழியாகத்தான் இறக்க வேண்டியிருந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அருவியை விட்டுவிட்டு இதைப் பார்க்க வந்தார்கள். அவர் ஊர் திரும்புவதற்குள் கதை திரும்பிவிட்டது.

விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. பலகையைப் பெயர்க்கலாம் என்றால், "எங்கப்பா வீட்டுத் தேக்கு ஒங்களுக்கு எளக்காரமாப் போச்சா?" என்று ஆவுடையம்மாள் பேச்சை நிறுத்திவிடுவாள். ஒருதடவை நிறுத்தியிருக்கிறாள். மறுபடி அப்படி ஒரு வீட்டில் சோறு தின்ன அவருக்குத் தெம்பில்லை. வண்டி களவு போனால் மட்டும்தான் யார் மேலும் குற்றமில்லை. இன்சூரன்ஸும் வரும்.

திருடன் வராததால் அவரே திருட வேண்டியதாயிற்று.

ஆடிப்பூரத்தன்று தறிகளுக்கு லீவு. ஆவுடையம்மாள் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிவிட்டாள். "பின்னாலயே வாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் தங்கினார். தெரு காலியானதும், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேனைக் கிளப்பினார். ஆலங்குளம் பக்கத்தில் யாரும் போகாத ஒரு பழைய குவாரி. ஆழமாகத் தண்ணீர் கிடந்தது. பிரேக்கை விட்டு ஒரே தள்ளு. பலகை மட்டும் கழன்று மிதந்து வருமோ என்று கரையில் நின்று பார்த்தார். வரவில்லை. அவர் இறுக்கி அடித்தது முதல்முறையாக உருப்படியாகப் பயன்பட்டது.

வெயிலில் கல் சுட்டபோதுதான் வெறுங்காலில் நிற்பது தெரிந்தது. செருப்பும் வண்டியோடு முங்கிவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. ராசியான செருப்பு.

பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பால்கோவா வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் ஆவுடையம்மாளைத் தேடிப் பிடித்தார்.

"செருப்பு எங்கங்க?"

"காலையிலயே வந்துட்டேம்ல. கோயில் வாசல்ல விட்டேன். எவனோ போட்டுட்டுப் போயிட்டான்."

அவள் உடனே நம்பினாள். ஆடிப்பூரத்துக்குப் போய் செருப்போடு திரும்பினால்தான் அதிசயம். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

சாயங்காலம் இருவரும் வீடு திரும்பியதும் சிவனாண்டி அலறினார். "அண்ணாச்சி, வண்டியக் காணோம்!"

சுயம்புலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார். புளியமரத்தடிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பயம்.

ஏட்டு கருத்தப்பாண்டி வந்து புகாரை எழுதிக்கொண்டார்.

"வேற என்ன களவு போச்சு?"

"இவிய செருப்பும் கோயில்ல போயிட்டு" என்று ஆவுடையம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "அதையும் எழுதுங்க."

ஏட்டு சிரிக்கவில்லை. "அடையாளம் எதும் உண்டா அண்ணாச்சி?"

தான் எவ்வளவு ஒளிவுமறைவில்லாத மனுஷன் என்று காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று சுயம்புலிங்கத்துக்குத் தோன்றியது.

"இடது வார்ல வார்னிஷ் கறை இருக்கும் ஏட்டையா. தரை போடும்போது சிந்துனது. இன்னைக்குக் காலையில அதத்தான் போட்டுட்டு பஸ் ஏறுனேன்."

"ஸ்ரீவில்லிபுத்தூர் வாசல்லதான் விட்டிய? நிச்சயமா?"

"ஆண்டாள் சத்தியமா!"

ஏட்டு எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனார். செத்த நேரத்தில் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"ஒரு களவு துலங்கிட்டு அண்ணாச்சி. இன்னொன்னு இனி நீங்க சொன்னாத்தான்."

பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே, ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் தொலைந்த வார்னிஷ் கறைச் செருப்பு. ராஜபாளையத்தில் வேன் நின்ற இடத்தில், ஏறும் பக்கமாக, ஜோடி பிசகாமல் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.