கடுகளவு குமிழி

"கைதட்டேன் அண்ணே, மரம் மாதிரி நிக்கிறியே!" என்று தங்கச்சி முழங்கையால் இடித்தாள்.

தட்டினேன். கரையில் நின்ற மொத்தக் கூட்டமும் தட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மாற்றிக் கட்டிய கப்பல் கண்ணெதிரே மூழ்கிக்கொண்டிருந்தது.

பதற வேண்டாம், மூழ்குவதற்கென்றே செய்த கப்பல்தான்.

இருபத்தாறு வருடம் கச்சா எண்ணெய் சுமந்த கிழடு. அதன் வயிற்றை வெட்டி எடுத்துவிட்டு, கால்பந்துத் திடல் மாதிரி தட்டையாக ஒரு தளம் போட்டோம். பதினான்கு மாத வேலை. இனி அது டாங்குகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு தானே இறங்கும். ஓடாத கப்பலோ, ராட்சச கிரேனோ மேலே மிதந்து வந்து நிற்கும். தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு எழும்.

இன்றுதான் முதல் முழுக்கு.

முதல் முழுக்கின்போது ஒரு வெல்டர் உள்ளேயே இருக்க வேண்டும். எங்கள் யார்டில் அதுதான் வழக்கம். டாங்குகளுக்கு நடுவே ஓடும் சந்தில் டார்ச்சும் வாக்கி டாக்கியுமாக நடந்து, எந்த ஜாயின்டாவது ஒழுகினால் உடனே சொல்ல வேண்டும். தளமே தண்ணீருக்குள் போவதால் மேல் மூடியை வெளியிலிருந்து போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். கப்பல் எழும்வரை அவன் வெளியே வர முடியாது.

ஒரு பழுதும் வராதவனைத்தான் அதற்குக் கூப்பிடுவார்கள். பெரிய கௌரவம். இன்று கூப்பிட்டது தங்கச்சி புருஷனை. அதனால்தான் இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி வந்து நிற்கிறாள்.

நான் அவள் பக்கம் திரும்பாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வெல்டிங்கிலிருந்து சோப்பு வாளிக்கு மாறியிருந்தேன். கண் கொஞ்சம் மங்கல். நாலு பேருக்குத் தெரிவதற்குள் நானே கேட்டு வாங்கிய மாற்றம். டாங்குக்குள் காற்றை அடைத்து, ஜாயின்ட் மேல் சோப்புத் தண்ணீரைப் பூசி, குமிழி வருகிறதா என்று பார்க்கும் வேலை.

மூன்று வாரத்துக்கு முன், நாலாம் டாங்கின் சந்துப் பக்க அடிச்சுவரில் ஒரு குமிழி வந்தது. கடுகளவு. துடைத்தேன். மறுபடி வந்தது.

ஒவ்வொரு வெல்டரும் தான் போட்ட ஜாயின்டுக்குப் பக்கத்தில் தன் நம்பரை 'பஞ்ச்' என்கிற இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்துவிட்டுத்தான் நகர வேண்டும். குமிழிக்குப் பக்கத்தில் பதினேழு.

வேறு எவன் நம்பராக இருந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டிருப்பேன். சத்தியமாகப் போட்டிருப்பேன். இது எங்கள் வீட்டு நம்பர். குமிழி கண்டால் அந்த நம்பர்காரன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கட்டைவிரலால் துடைத்துவிட்டு 'சரி' என்று எழுதினேன்.

கடுகளவுதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று மூன்று வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே அந்த மூடிக்குள் இறங்கியபோதுதான் புத்தியில் உறைத்தது. அத்தனை ஆழத்துத் தண்ணீர் கடுகளவு ஓட்டையைக் கடுகளவிலேயே விட்டு வைக்குமா?

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

பின்பக்கக் கோபுரத்தில் வெள்ளைப் பெயின்டில் மீட்டர் கணக்கு எழுதியிருந்தது. நாலு மறைந்தது. ஐந்து மறைந்தது. பத்தடி தள்ளி ஃபோர்மேன் வாக்கி டாக்கியோடு நின்றிருந்தார்.

ஆறு மறைந்தபோது போய்ச் சொல்லிவிட்டேன். பம்பை நிறுத்துங்கள், நாலாம் டாங்கில் ஒரு ஜாயின்ட் சரியில்லை, சோப்பு போட்டபோதே பார்த்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார்.

பின்னாலேயே வந்து நின்ற தங்கச்சியின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை போட்டது" என்றேன்.

பம்ப் நின்றது. கைதட்டலும் நின்றது. உள்ளே ஒழுகுகிறதா, அது உன் ஜாயின்டா என்று ஃபோர்மேன் வாக்கி டாக்கியில் கத்தினார்.  இரைச்சலுக்கு நடுவே மாப்பிள்ளையின் குரல், மூச்சு வாங்க வந்தது.

"ஒழுகுதுண்ணே. கால் மணி நேரமா துணியை வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்." நிறுத்தினான். "ஆமா, என்னுதுதான். நானே வெட்டிட்டு மறுபடி போட்டுக் குடுத்துடறேன்."

ஃபோர்மேனுக்கு வந்ததே கோபம். ஒழுகுவதைச் சொல்லத்தானே உன்னை உள்ளே விட்டது, கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றாயா, பைத்தியக்காரா என்று கத்தித் தீர்த்தார். கப்பலை எழுப்பச் சொன்னார். ஜாயின்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு இன்றைக்கே கேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்றார்.

கூட்டம் கலைந்தது. தங்கச்சி அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அவரு தலைகுனிஞ்சு வெளிய வர்றப்ப நான் இங்க நிக்கக் கூடாதுண்ணே" என்று கையை நீட்டினாள். "சாவியைக் குடு, வீட்டுக்குப் போறேன்."

எல்லாருக்கும் ஒரே வீடு, ஒரே சாவி. பையில் கையை விட்டேன். சாவி வளையத்தில் சாவியோடு ஓர் இரும்புத் துண்டும் கோத்திருந்தது. வெல்டிங்கை விட்ட அன்று, ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட என்னுடைய நம்பர் பஞ்ச்.

விரலுக்கு ஒன்றும் ஏழும் தட்டுப்பட்டன.

பைக்குள்ளேயே அதைக் கழற்றி விட்டுவிட்டு, சாவியை மட்டும் எடுத்து அவள் கையில் வைத்தேன்.