தறிச் சத்தம்

பக்கத்து வீட்டுக் கோகிலாவுக்குத் தூக்கம் போய்ப் பல வருடமாகிறது. மாத்திரை, ஜாதிக்காய்ப் பால், காதில் பஞ்சு எல்லாம் தோற்றதும், ஒரு மத்தியானம் தெய்வானையின் ஒற்றை விசைத்தறியோடு சண்டைக்கு வந்துவிட்டாள்.

அவள் பேச்சு கேட்கட்டுமென்று தெய்வானை தறியை நிறுத்தினாள். தறியருகே தூளியில் கிடந்த குழந்தை உடனே வீறிட்டது.

“சத்தம் நின்னா முழிச்சுக்குவானுங்கக்கா. செத்த இருங்க.”

தறி மறுபடி ஓடியது. தரை அதிர, தூளி அதிர, பாதி அழுகையிலேயே பிள்ளை உறங்கிப்போனான். கோகிலா கருவறையைப் பார்ப்பதுபோல அவனையே பார்த்தாள். சண்டையை மறந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

தெய்வானையின் புருஷன் சாப்பிட வந்ததும், “நிறுத்து புள்ள,” என்று சுவிட்சில் கைவைத்தான். தெய்வானை பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தூணடியில் கோகிலாவின் வாய், பிள்ளையின் வாயைப் போலவே, லேசாகத் திறந்திருந்தது.