பூட்டாம கொடுங்க

“அதைப் பூட்டாதீங்க அண்ணா. தனித்தனியா கழட்டிக் கொடுங்க.”

ஃபிட்டருக்குச் சுருக்கென்றது. கையில் எடுத்த சக்கரத்தை மேஜையில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

அந்தக் கடையில் ஸ்கேட்போர்டு ரெடிமேடாகவும் கிடைக்கும். இல்லையென்றால் பலகை, அச்சு, சக்கரம் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தால், ஃபிட்டர் பத்தே நிமிஷத்தில் பூட்டிக் கொடுத்துவிடுவார். அதற்குத் தனிக் கூலி கிடையாது. அவர் பூட்டிய பலகை ஒன்றுகூட ஆட்டம் கண்டு திரும்பி வந்ததில்லை. அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது இருந்தால் அதிகம். வந்ததிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

புலி போட்ட பலகை, பூப்போட்ட பலகை எதுவும் வேண்டாமாம். வெறும் பலகை போதுமாம். கால் வழுக்காமல் இருக்க மேலே ஒட்டுகிற சொரசொரப்புத் தாளை ஒட்டித் தருகிறேன் என்றார். வேண்டாமாம். சுருட்டிக் கொடுக்க வேண்டுமாம்.

“போல்ட் இது போதும்மா. அளவா இருக்கும்.”

“இதைவிட நீளமா இருக்கா அண்ணா?”

“இருக்கு. திருகித் திருகிக் கை கழண்டுடும்.”

“அதுவே கொடுங்க.”

கடைசியில் சக்கரத்துக்கு வந்தாள். அங்கே சக்கரத்துக்குள் பேரிங்கை முன்னாலேயே அடித்து வைத்திருப்பார்கள். அதையும்தான் இப்போது கழற்றச் சொல்கிறாள்.

“ஏம்மா, ஊரே பூட்டிக் கொடுங்கன்னு வரிசையில நிக்குது. நீ பூட்டினதைக் கழட்டச் சொல்றே. என் கையில என்ன சொறியா, சிரங்கா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“சரி, உனக்குப் பூட்டத் தெரியுமா?”

“தெரியாது.”

“இந்த அச்சுல எது முன்பக்கம்?”

“தெரியாது.”

“வாஷர் எங்க வரும்?”

“தெரியாது அண்ணா.” அவள் காது இரண்டும் சிவந்துவிட்டன.

“நல்லாப் போச்சு போ! நாளைக்கே மூட்டையைக் கட்டிக்கிட்டு இங்கதான் வந்து நிப்பே. அப்ப நான் டீ குடிக்கப் போயிடுவேன், பார்த்துக்கோ.”

பெண்ணின் அம்மா வேலைச் சீருடையோடு வாசலருகே நின்றிருந்தார். ஃபிட்டர் அவரிடம் திரும்பினார். “நீங்களாவது சொல்லக் கூடாதாக்கா?”

“அவ கேக்கிறபடியே கொடுத்துடுங்க தம்பி.”

வரிசையில் நின்ற ஒருவர், அந்த அம்மாவுக்குக் கேட்கட்டும் என்றே பக்கத்து ஆளிடம் சொன்னார்: “செல்லம் கொடுக்கலாம், தலையில தூக்கி வச்சுக்கக் கூடாது. இப்பவே இந்த ஆட்டம்!”

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

ஃபிட்டர் முறைத்துக்கொண்டே ஒவ்வொரு சக்கரமாக நெம்பினார். எட்டு பேரிங்குகளும் வெளியே வந்தன. பேரிங்குக்கு நடுவில் இருக்கும் சின்னக் குழாய்களையும் சேர்த்து அள்ளிப் பையில் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

“போதுமா மகாராணி?”

பெண் பைக்குள் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

“ஸ்பேசர் நாலு வரணும் அண்ணா. மூணுதான் இருக்கு. நட்டு ஒண்ணுல மரை தேஞ்சிருக்கு, மாத்திக் கொடுங்க.”

ஃபிட்டர் குனிந்து தேடினார். நாலாவது குழாய் மேஜைக்கு அடியில் உருண்டு கிடந்தது. நட்டை விளக்குக்கு நேரே பிடித்தார். மரை தேய்ந்துதான் இருந்தது.

“அடிப்பாவி! எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா என்னைச் சுத்தல்ல விட்டே? யாரு சொல்லிக் கொடுத்தா?”

“அப்பா வேலை செய்யறதைப் பார்த்துப் பார்த்து வந்தது. அது அவருக்குத் தெரியாது.”

“அப்புறம் எதுக்குத் தெரியாது தெரியாதுன்னே?”

“எனக்குப் பொய் சரியா வராதுண்ணா. வீட்டுல போய் அப்பாகிட்ட இதையே சொல்லணும். அதான் இங்க சொல்லிப் பார்த்தேன்.”

ஃபிட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இவ அப்பா மெஷின் மெக்கானிக், தம்பி. ஆறு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துடுச்சு. விரலுக்கு வேலை கொடுத்துக்கிட்டே இருந்தா கொஞ்சமாவது திரும்பும்னு டாக்டர் சொன்னார். பயிற்சி பண்ண ஆஸ்பத்திரியில கொடுத்த பந்தை ஜன்னல் வழியா வீசிட்டார். பொம்மை வேலை எனக்கு வேண்டாங்கிறார். நெஜமான வேலையோட அவரைத் தேடி இப்ப யாரு வர்றா? கையைப் போர்வைக்குள்ள வச்சுக்கிட்டே கெடக்கார். ஒரு வருஷத்துக்குள்ள திரும்பினாத்தான் உண்டாம். பாதி போயிடுச்சு.”

வரிசையில் பேசிய ஆள், சுவரில் தொங்கும் பலகைகளை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

ஃபிட்டர் தேய்ந்த நட்டை மாற்றினார். பிறகு பையை மறுபடி மேஜையில் கொட்டினார். புது நட்டு கெட்டியாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஸ்பானரால் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, இளக்கினார். வெகுநேரம் ஆயிற்று. பின்னால் யாரும் முணுமுணுக்கவில்லை.

“இந்தா,” என்று பையைக் கொடுத்தார். “நான் பத்து நிமிஷத்துல பூட்டுறது, அவருக்குப் பத்து நாளும் ஆகும், அம்பது நாளும் ஆகும். திணறுவாரு. கீழ போடுவாரு. எல்லாம் தெரிஞ்ச நீ பக்கத்துல சும்மா இருப்பியா? கை பரபரக்காது?”

“சும்மாதான் இருப்பேன்,” என்றாள் பெண். “ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு ஒரு நாள் அவரோட சட்டைப் பட்டனை நானே போட்டு விட்டுட்டேன், அண்ணா. அன்னிக்குப் போர்வைக்குள்ள போன கைதான்.”