நத்தையின் மேல்முறையீடு

மழை பொய்த்த வருஷம் ஒரு நத்தை எறும்புகளிடம் இலை கடன் வாங்கித் தின்றது. திருப்பிக் கொடுக்க அதனால் முடியவில்லை. எறும்புகள் கூட்டமாக வந்து அதன் முதுகிலிருந்த கூட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன.

"என்ன கடன் இருந்தாலும் குடியிருக்கும் கூட்டைப் பிடுங்கக் கூடாது" என்று நத்தை தவளையிடம் மனுப் போட்டது. தவளை மூன்று முறை வாய்தா கொடுத்தது. நாலாவது முறை, "எறும்புகள் அந்தக் கூட்டில் நெல்லை நிரப்பிவிட்டன. இனிமேல் விசாரித்து என்ன ஆகப்போகிறது?" என்று வழக்கை முடித்துவிட்டது.

நிரம்பும்வரை வாய்தா கொடுத்தது யார் என்று தவளையிடமே கேட்க நத்தைக்குப் பயம். அதனால் மேல்முறையீடு செய்ய, வறண்ட ஏரியின் அக்கரையில் இருந்த கொக்கைத் தேடிப் போனது. வெறும் முதுகோடு எட்டு நாள் வெயிலில் ஊர்ந்தது. தோல் காய்ந்து வெடித்தது.

கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி மனுவைப் படித்தது.

"கூடு இல்லாமலா இவ்வளவு தூரம் வந்தாய்?"

"ஆமாங்கய்யா."

"உயிரோடுதானே வந்திருக்கிறாய்?"

"ஏதோ இருக்கேங்கய்யா."

"அப்புறம் கூடு எதற்கு? தவளை சொன்னது சரிதான். விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை. தள்ளுபடி."

நத்தை நகரவில்லை. "வர்ற வழியிலேயே நான் செத்திருந்தா, ஐயா?"

கொக்கு அடுத்த மனுவை அலகால் இழுத்துக்கொண்டே சொன்னது:

"அப்போதும் தள்ளுபடிதான். கூடு கேட்க ஆள் இல்லையே."