மோதினது யாரு?

பெரம்பலூர் மைதானத்தில் பெண்கள் லக்ராஸ் ஆட்டம் முடிந்திருந்தது. காலையிலிருந்து வெயிலில் ஓடி ஓய்ந்துபோன நடுவர் நர்மதா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு அம்மா வந்து நின்றாள்.

“வலைக்குச்சியில பந்தோட ஓடியாந்த பொண்ணு, சிவனேன்னு நின்னவளை இடிச்சுத் தள்ளிட்டா. நீங்க நின்னவ மேலயே தப்புன்னு சொல்லிட்டீங்களே மேடம்?”

இப்படிப் பெற்றவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நர்மதாவுக்குத் தொண்டை வறண்டிருந்தது.

“ஓடி வர்றவ நிக்கவோ விலகவோ எடம் விட்டு முன்னாடியே நின்னிருந்தாத்தாங்க, மோதினவ மேல சார்ஜிங் ஃபவுல். இவ கடைசி நேரத்துல குறுக்க பூந்துட்டா.”

“இல்லைங்க. அந்தப் பொண்ணு மொதல்லயே வந்து நின்னதை நான் பாத்தேன்.”

“சரி, விடுங்கம்மா. உங்க பொண்ணுக்கு அடி பலமா?”

“அவளுக்கென்னங்க, ஐஸ் தின்னுகிட்டு நிக்கிறா. மோதினவதான் எம்மவ.”

நர்மதா நிமிர்ந்து பார்த்தாள்.

“வூட்லயும் நான் நின்ன எடத்துலதான் நிக்கிறேன். அவதான் வந்து மோதுறா. அவங்கப்பா எம்மேலதான் தப்புங்கிறாரு. நீங்களாச்சும் அவளைப் பாத்து விசில் ஊதுவீங்கன்னுதாங்க செந்துறையிலேர்ந்து பஸ் ஏறி வந்தேன்.”