போகக்கூடாத பாதை

"அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

காவல்காரம்மா இரும்புச் சங்கிலிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். சங்கிலிக்குப் பின்னால், சதுப்பு நிலத்தின் நடுவே, ஒரு மண்கரை கடலைப் பார்த்து நீண்டு கிடந்தது. மேலே சிவப்புப் பலகை: 'நுழையாதீர்.'

"அப்படி என்ன ரகசியம் அங்க?" என்று சைக்கிளிலிருந்து இறங்காமலே கேட்டார் மாஸ்டர். ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சைக்கிளில் ஊர் சுற்ற வந்த இடத்திலும் மாஸ்டர்தான்.

"தரையிலேயே முட்டை போடற பறவைங்க சார். இன்னும் நாலே நாள், குஞ்சு பொரிச்சிடும். ஆள் கிட்டப் போனா பயந்து எழும்பிடும். இந்த வெயில்ல முட்டை அப்படியே வெந்துடும். அஞ்சு வருஷம் முந்தி ஒருத்தர் போட்டோ எடுக்கறேன்னு போனார். அந்த வருஷம் ஒரு குஞ்சுகூட மிஞ்சல."

சொல்லும்போது அவள் குரல் கம்மியது. பக்கத்தில் நின்ற மாஸ்டரின் மனைவி தன் சைக்கிளைத் திருப்பினாள்.

"வாங்க, நாம பெரிய பாதையிலேயே போகலாம்."

"அடுப்புல தண்ணி கொதிக்குது. நான் வர்றேன்மா" என்று காவல்காரம்மா தன் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாஸ்டர் இப்படியும் அப்படியும் பார்த்தார். அந்தப் பார்வை மனைவிக்குப் பத்தொன்பது வருஷப் பழக்கம்.

"வேண்டாங்க. தினமும் பத்துப் பேருக்கு 'நோ என்ட்ரி' போர்டுன்னா என்னன்னு சொல்லித் தர்ற மனுஷன் நீங்க."

"அது காருக்கு. இது சைக்கிள்."

"முட்டைங்க பாவம்ங்க!"

"முட்டையை நான் என்ன ஆம்லெட்டா போடப்போறேன்? தூரத்துல நின்னு ஒரே ஒரு போட்டோ. போகக்கூடாதுன்னு சொல்ற இடத்துலதான்டி விஷயமே இருக்கும். தூக்கு, தூக்கு, பின்சக்கரத்தைப் பிடி."

பிடித்தாள். அதுதான் அவளை அரித்தது. வேண்டாம் என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கை தூக்கிக்கொடுத்துவிட்டது. இரண்டு சைக்கிளும் சங்கிலியைத் தாண்டின.

இரண்டு பக்கமும் கணுக்கால் ஆழத் தண்ணீர், வானத்தை வாங்கி விரித்ததுபோல் கிடந்தது. நண்டுகள் சக்கரச் சத்தம் கேட்டதும் பொந்துக்குள் ஓடின. எதிர்க்காற்று ஆளைப் பின்னால் தள்ளியது. மாஸ்டர் சீட்டியடித்துக்கொண்டு போனார். அவளோ தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெள்ளையாக எது தெரிந்தாலும் முட்டை. ஒவ்வொரு கிளிஞ்சலுக்கும் ஒரு வளைவு போட்டு, குடித்தவள் மாதிரி ஓட்டினாள்.

திடீரென்று, சேற்றிலிருந்து நூறு பறவைகள் ஒன்றாகக் கிளம்பின.

"போச்சு!" என்று அலறினாள்.

"கிடைச்சிடுச்சு!" என்று மாஸ்டர் கிளிக் செய்தார்.

அதே நேரம் பின்னால் ஒரு விசில் காற்றைக் கிழித்தது. காவல்காரம்மா ஓட்டைச் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்தாள். "நில்லுங்க! ஐயோ, நில்லுங்க!"

"மிதிடி, மிதி!" மாஸ்டருக்குப் பத்து வயசு திரும்பியிருந்தது. விசில் தேய்ந்து தேய்ந்து நின்றே போனது. கரை ஒரு பெரிய வட்டமடித்து, மறுபடி பெரிய பாதையிலேயே கொண்டுவந்து விட்டது.

மரநிழலில் உட்கார்ந்து மாஸ்டர் போட்டோவைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்ப ஆரம்பித்தார். வெள்ளையாக ஒரு கலங்கல், ஓரத்தில் மனைவியின் முழங்கை. "யாருக்கும் கிடைக்காத படம்! பார்த்தியா?"

அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. "டயர்ல காத்து கம்மி, பம்ப் வாங்கிட்டு வர்றேன்" என்று பொய் சொல்லிவிட்டுக் குடிசைக்கு மிதித்தாள்.

காவல்காரம்மா வாசலில் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பு பண்ணிட்டோம். என் கையாலதான் சைக்கிளைத் தூக்கிக்கொடுத்தேன். பறவையெல்லாம் எழும்பிடுச்சு. இப்பவே போனா முட்டைக்கு நிழலாவது கட்டலாமா? என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன், முதல்ல வாங்க!" பேசி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

காவல்காரம்மா டீயைக் கீழே வைத்தாள்.

"உட்காரும்மா. இந்த அஞ்சு வருஷத்துல திரும்பி வந்து ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீதான். அதனால சொல்றேன், உன் வீட்டுக்காரர் காதுல போட்டுடாதே. அந்தப் பக்கம் ஏது முட்டை? வெறும் சேறும் நண்டும். நீ கிளப்பினது இரை பொறுக்கற கூட்டம், இந்நேரம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும்."

"அப்போ... அந்தச் சிவப்புப் போர்டு?"

"போகாதேன்னா அங்கதானே போறாங்க! நீங்க ரெண்டு பேரும் சங்கிலியைத் தாண்டற வரைக்கும் ஜன்னல்ல நின்னு எனக்குத்தான் படபடப்பு. மனசு மாறிடுவீங்களோன்னு."

"துரத்துனீங்களே அக்கா!"

"துரத்தினாத்தான் நம்புவாங்க. முழங்கால் வலி, இல்லேன்னா இன்னும் ஒரு மைல் துரத்தியிருப்பேன்."

மாஸ்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ கூடெல்லாம் எங்க இருக்கு?"

காவல்காரம்மா குடிசைக்குப் பின்புறம் திறந்து கிடந்த பாதையைக் கட்டைவிரலால் காட்டினாள். "அங்க சங்கிலியும் இல்ல, பூட்டும் இல்ல. 'பறவைகள் பற்றிய சொற்பொழிவு, இரண்டு மணி நேரம், அனுமதி இலவசம், அனைவரும் வருக'ன்னு எழுதி வெச்சேன். அன்னையிலேருந்து ஒரு ஈ காக்கா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல."