கரண்டியோடு வந்தவர்

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த இருபத்திரண்டு பேரில் ஒரே ஒருவர் கையில்தான் கரண்டி இருந்தது.

நீளக் காம்பு வைத்த மரக்கரண்டி. சட்டையெல்லாம் பெயிண்ட் தெறித்திருந்த அந்த மனிதர், இரண்டாம் வகுப்புக் குட்டி நாற்காலியில் அதை மடியில் வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்த இன்சூரன்ஸ் மேனேஜருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"விருந்து போடறாங்கன்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க போல," என்று மருந்துக்கடை அம்மாவின் காதைக் கடித்தார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மேனேஜர் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். வகுப்புக்கு ஒரு பெற்றோர் பிரதிநிதியை இன்று தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். 'நம்மளை விட்டா வேற யாரு?' என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் அவர். பிரதிநிதி ஆகிறவர் வாயைத் திறக்க வேண்டாமா? திறந்தார்.

"டீச்சர், பிள்ளைங்க லேட்டா வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மூணாவது விதி சார்."

"வீட்டுப்பாடம் எழுதலைன்னா?"

"அஞ்சாவது விதி."

"காய்ச்சல்னா?"

"எட்டாவது விதி சார்," என்றார் டீச்சர், சிரித்த முகம் மாறாமல்.

வகுப்பு விதிகளை அச்சடித்து, போன மாதமே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தாள் அனுப்பியிருந்தார். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்றில் 'படித்தேன், புரிந்துகொண்டேன், பின்பற்றுவேன்' என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். மேனேஜர் காரில் ஏறிக்கொண்டே போட்டுக் கொடுத்தார். 'கோடு இருக்கிற இடத்துல எல்லாம் போடுங்க சார், படிச்சுக்கிட்டு இருந்தா பொழுது போயிடும்' என்று ஊரையே கையெழுத்துப் போட வைக்கிற தொழில் அவருடையது.

டீச்சர் அந்தத் தாள்களை மேசையில் பரப்பினார். ஒன்றில் மட்டும் கட்டைவிரல் ரேகை.

"இந்தக் காலத்துலயும் கைநாட்டா!" என்றார் மேனேஜர், எல்லோருக்கும் கேட்கும்படி.

"என்னோடதுதாங்க," என்றார் பெயிண்டர். பாவம், தலை நிமிரவில்லை.

"இருக்கட்டும். எல்லாரும் விதிகளைப் படிச்சீங்கதானே?" என்றார் டீச்சர்.

கைகள் உயர்ந்தன. "நான் ரெண்டு தடவை," என்றார் மேனேஜர்.

"ரொம்ப சந்தோஷம். அப்போ ஏழாவது விதிப்படி கொண்டு வந்ததை எடுத்து முன்னால வைங்க."

மருந்துக்கடை அம்மா, எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலேயே கைப்பையைத் துழாவினார்.

டொக்கென்று ஒரு சத்தம். பெயிண்டரின் கரண்டி.

"நான் கார்லயே வச்சிட்டு வந்துட்டேன்," என்றார் மேனேஜர்.

"எதை சார்?"

"அதான்... அதைத்தான்."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்தார். "'கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கரண்டி கொண்டு வரவும்.' கரண்டியால எனக்கு ஒரு வேலையும் இல்லைங்க. யார் யார் படிக்கிறீங்கன்னு பார்க்கத்தான் சேர்த்தேன்."

இருபத்தொரு பேரும் கரும்பலகையைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பெயிண்டர் தயங்கித் தயங்கி எழுந்தார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. பொண்ணுதான் தினம் ஒரு விதியா வாசிச்சுக் காட்டினா. எல்லாத்தையும் அப்படியே செஞ்சிட்டு வர்றோம். அந்தப் பதிமூணாவது விதியில மட்டும் ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் அப்பாவே வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணும், வழியில ஐஸ்கிரீம் வாங்கித் தரணும்னு இருக்கில்லைங்களா. நானும் மேஸ்திரிகிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு மணி நேரம் முன்னாலயே வந்துடறேன். மழை பெய்ஞ்சாலும் ஐஸ்கிரீம்தானா?"

டீச்சருக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார்.

போன மானத்தை மீட்க இதைவிட்டால் சந்தர்ப்பம் ஏது? மேனேஜர் துள்ளி எழுந்தார். குட்டி நாற்காலியும் கூடவே எழுந்தது.

"மழையாவது வெயிலாவது! விதின்னா விதிதான். நாங்க எல்லாரும் அதைத்தானே செய்யப் போறோம்!"

மற்ற அப்பாக்கள் வேகவேகமாகத் தலையாட்டினார்கள்.

"நல்லதாப் போச்சு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பிள்ளைங்க வாசல்ல காத்திட்டிருக்காங்க," என்றார் டீச்சர். "அப்புறம், பிரதிநிதி இவர்தான்."

"ஐயோ, நான் படிக்காதவன் டீச்சர்."

"இந்த ரூம்ல படிச்சவர் நீங்க ஒருத்தர்தாங்க."

பள்ளி வாசலில் ஐஸ் வண்டிக்காரருக்கு மூச்சு விட நேரமில்லை. மேனேஜரின் மகன் ஐஸ்கிரீமை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். தினமும் வேனில் போகிற பிள்ளை.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவீங்களாப்பா?"

மேனேஜர் மகனின் கையில் வழிந்ததைக் கைக்குட்டையால் துடைத்தார். "விதின்னா விதிதான்டா," என்றார்.

காரில் கசங்கிக் கிடந்த தாளை எடுத்து முதல்முறையாகப் படித்தார். பன்னிரண்டோடு விதிகள் முடிந்துவிட்டன. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பெயிண்டரின் மகள். மோவாயில் ஐஸ்கிரீம், கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு காகிதம். அதில் பென்சிலால் கோணல்மாணலாக எழுதியிருந்தது:

'14. பதிமூன்றாவது விதி தாளில் இல்லை என்று எங்கள் அப்பாவிடம் யாரும் சொல்லக் கூடாது.'

கீழே டீச்சரின் கையெழுத்து. அதற்கும் கீழே இன்னொரு கோடு காலியாக இருந்தது.

"நீங்களும் போடுங்க அங்கிள்," என்று பென்சிலை நீட்டினாள் அவள். "படிச்சிட்டுப் போடுங்க."